பின்வரிசைக்கும் தெரிகிற படம்

ஏப்ரல் 3

இன்று சங்கக் கூட்டத்தில் என் மானத்தை வாங்கினார்கள்.

கற்பகம் ஃப்ளாட்ஸ் சங்கத்துக்குச் செயலாளர் நான். மொட்டை மாடி விதிகளை எழுதி, டைப் அடித்து, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியதும் நான்தான். விற்பனைக்காக எதையும் மாடியில் காயப் போடக் கூடாது. காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாது, அமாவாசையானாலும் சரி. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மூணு-பி எழிலரசிக்கு மட்டும் புரியாது. வாடகைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாடி முழுக்கப் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் பிழிந்து கடைகளுக்குப் போடுகிறாள். கேட்டால், "வீட்டுக்குத்தான் அக்கா" என்கிறாள். எந்த வீட்டில் மூட்டை மூட்டையாக வத்தல் தின்கிறார்கள்?

தலைவர் தனசேகரன் ஆதாரம் கேட்டார். கொடுத்தேன். மாடிப்படி முடிகிற இடத்தில் கதவு மறைவில் நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எடுத்த படம். முனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டது. கைக்குக் கை மாறிப் பின்வரிசை வரை போனது.

"என்னம்மா இது, கரி மூட்டையா?" என்றார் தனசேகரன்.

எல்லோரும் சிரித்தார்கள். மூணு-பியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த கூட்டம் மே 11. அன்று இவளைக் காலி பண்ண வைக்கிறேனா இல்லையா பார்.

பின்வரிசையில் என் வீட்டுக்காரரும் இருந்தார், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு. சிரித்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். போன வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து இவர் முகத்தில் எதுவும் தெரிவதில்லை.

ஏப்ரல் 5

படத்தைக் கஜேந்திரன் ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறேன். பெரிதாக, பளிச்சென்று வேண்டும் என்று சொன்னேன். யார், எதற்கு என்று சொல்லவில்லை. அவன் வாயில் போட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் பேச்சுப் பயிற்சி. அட்டையில் தண்ணீர், நாய், பேருந்து. பேருந்தைக் காட்டினேன். முப்பது வருஷம் டெப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், எத்தனை பேருந்து பார்த்திருப்பார்! "சொல்லுங்க. பே. பே." வாயைத் திறக்கவே இல்லை. நானும் விடவில்லை. கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பயிற்சி அட்டவணையில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண் போன மாதத்தோடு நின்றுவிட்டாள். போகும்போது, "கொஞ்சம் விட்டுப் புடிங்கம்மா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். விட்டுப் பிடிக்க இவர் என்ன காற்றாடியா?

ஏப்ரல் 8

கஜேந்திரனைப் போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை.

உறையைப் பிரித்தேன். மூணு-பி மார்பளவில் நிற்கிறாள், சந்தன நிறத்தில். அவளே தன்னை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாள். தாடையில் இருந்த மச்சம் போய்விட்டது. வேட்டியும் இல்லை, வத்தலும் இல்லை. பின்னால் நீலத்தில் ஒரு வெளிச்சம், மூலையில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது.

"பொறந்த தேதி, மறைஞ்ச தேதி குடுத்தீங்கன்னா கீழ போட்டுடுவேன் மேடம்" என்றான். "பாவம், சின்ன வயசா தெரியுது. சொந்தமா?"

மாலை போடும் படம் என்று நினைத்திருக்கிறான்! அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த ஊரில் ஒற்றை ஆளின் படத்தை யாராவது பெரிதாக்கச் சொன்னால் அதற்குத்தான். மறைந்த தேதி கேட்டபோது இன்றைய தேதியைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"படத்துல இருந்த மத்ததெல்லாம் எங்கய்யா?"

"எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன் மேடம். ஓரமா தண்ணித் தொட்டி நெழல்ல ஒரு ஐயா வேற ஒக்காந்திருந்தாரு, வாயெல்லாம் பல்லா. துக்கப் படத்துல அது நல்லாவா இருக்கும்? தூக்கிட்டேன்."

அது வாட்ச்மேனாக இருக்கும். அவனையும் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து போனில் பார்த்தேன். தொட்டி நிழலில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. சாக்கு மாதிரி. இனி யார் கையையும் நம்பிப் பயனில்லை. வீட்டிலேயே போட்டோ பிரிண்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 10

பூனாவுக்குப் போன் செய்து பரணியிடம் எந்த பிரிண்டர் நல்லது என்று கேட்டேன். பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சைப் பார்.

"போட்டோ பிரிண்டர் எதுக்கும்மா? நீயும் அப்பாவும் சேர்ந்து நின்ன படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. எதைப் பிரிண்ட் போடப்போற?"

"உன் கல்யாண ஆல்பத்துல இருக்குதே."

"அதுல நீ சமையல்காரர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்க. அப்பா தனியா நிக்கிறாரு."

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12

இவர் முகம் கறுத்துப்போயிருக்கிறது. காலை டிபன் முடிந்ததும் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்துவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அங்கே ஏது வெயில்? சட்டை முழங்கையில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், சீரக வாசனை. தெருமுனைக் கடையில் போண்டா தின்கிறார் போல. சர்க்கரை எகிறட்டும், அப்போது தெரியும்.

ஏப்ரல் 15

கடைக்குப் போனேன். குளுகுளு என்று ஏசி. பிரிண்டர்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்கள். விற்கிற பெண் பரவாயில்லை, கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள்.

"லேசர் எழுத்துக்கு நல்லா இருக்கும் மேடம். மொகம் எடுக்க மை ஊத்துற பிரிண்டர்தான் சரி." கைப்பை அளவில் ஒன்றைக் காட்டினாள். "இது போட்டோவுக்குன்னே வர்றது. கலர் அப்படியே ஸ்டுடியோ மாதிரி வரும். ஆனா போஸ்ட் கார்டு சைஸ் மட்டுந்தான்."

"ஸ்டுடியோ மாதிரி வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடி வரணும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியணும்."

"அப்ப டேங்க் வெச்ச ஏ-ஃபோர் சைஸ் எடுத்துக்குங்க. வீட்ல என்ன படம் மேடம் எடுப்பீங்க? பேரப்புள்ளைங்களா?"

"எதிரிங்க" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டாள். பளபளப்புத் தாள் ஒரு கட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் மேடம். வாரம் ஒரு கலர் படமாவது எடுத்துடுங்க. சும்மா போட்டு வெச்சா மை காஞ்சு வாய் அடைச்சிக்கும். அப்புறம் எவ்ளோ தட்டினாலும் வராது."

ஏப்ரல் 16

பிரிண்டர் வந்து இறங்கியது. சாப்பாட்டு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டது. இவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மாடியில் அந்தப் பொம்பளை பண்ணுகிற அக்கிரமத்தை வீட்டிலேயே படம் போடப்போகிறேன்" என்றேன். சட்டென்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இந்த வீட்டில் நான் எது செய்தாலும் இவருக்கு ஆகாது.

ஏப்ரல் 17

இவர் நடக்கப் போன நேரத்தில் உட்கார்ந்தேன்.

முதல் தாளைப் பளபளப்புப் பக்கம் எது என்று பார்க்காமல் திருப்பி வைத்துவிட்டேன். மை உள்ளே இறங்காமல் தாள் மேல் குளம் கட்டி நின்றது. தொட்டதும் மூணு-பியின் முகம் என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அதில் ஒரு திருப்தி இருந்தது, மறுக்கவில்லை. பிறகு பரணி வாட்ஸப்பில் அனுப்பிய குறிப்பைப் பார்த்து நிழலை வெளிச்சமாக்கினேன். தாளைச் சரியாக வைத்தேன்.

மெதுவாக வந்தது. முதலில் வானம். பிறகு தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் ஒரு காக்கை. மூணு-பி வந்தாள், கறுப்பாக, மச்சத்தோடு. ஓரமாகப் பார்த்துச் சிரிக்கிறாள். அதன் கீழே வேட்டி, வேட்டி நிறைய வத்தல். மாட்டினாள் என்று கை தட்டப் போனேன்.

தொட்டி நிழலில் இருந்தது சாக்கு இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி. நீலக் கட்டம் போட்ட லுங்கி. அதை இஸ்திரி போட்டதே நான்தான். கைத்தடியின் நுனியில் கறுப்புத் துணி கட்டி, அதைக் காக்கையை நோக்கித் தூக்கிக்கொண்டிருக்கிறார். வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. சிரிக்கிறார். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

காய்வதற்குள் தாளைக் கையில் எடுத்துவிட்டேன். ஓரத்தில் என் விரல் தடம் விழுந்துவிட்டது.

திரும்பி வந்தார். "எங்கே நடந்தீங்க?" என்று கேட்டேன். கையைக் கீழே காட்டினார். பொய்! பேச்சு போனாலும் பொய் போகவில்லை. கஞ்சியை நங்கென்று வைத்தேன்.

நான் என்ன குறை வைத்தேன்? ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தது யார்? குளிப்பாட்டுவது யார்? எனக்கு ஒரு சிரிப்பு கிடையாது, அவள் வத்தலுக்குக் காவல், வாயெல்லாம் பல்.

ஏப்ரல் 18

சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைப் பாதிப் படியில் கழற்றிவிட்டு ஏறிப் போனேன். கையும் களவுமாகப் பிடித்து, இரண்டு பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கதவுக்கு வெளியே மூணு-பியின் குரல் கேட்டது.

"அண்ணே, அண்ணே, வந்துட்டா பாருங்க ஒங்க தில்லை!"

என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"தில்... தில்லே! ஏய்! போ... போடி!"

அது இவர் குரல். கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி. ஆனால் இவர் குரல்தான். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இறக்கை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மறுபடி வந்து உட்கார்ந்தது போலிருக்கிறது.

"என்னா ராங்கிண்ணே இதுக்கு! மத்ததெல்லாம் ஒரு வெரட்டுல ஓடுது. இது மட்டும் போனாப் போன எடத்துலேர்ந்து திரும்பி வந்து நம்மளயே மொறைக்குது."

பிறகு இவர், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பது போல, "அவ... அப்படித்தான்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கீழே வந்துவிட்டேன். ஒரு காக்கைக்கு என் பெயர்! கல்யாணமான நாளிலிருந்து என்னைத் தில்லை என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் தில்லைநாயகி மேடம். பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டேன், ஒரு திருட்டுக் காக்கையை விரட்டுவதற்கு.

படத்தை மே 11-இல் காட்டத்தான் போகிறேன். இவரும் சேர்ந்து அவமானப்படட்டும்.

ஏப்ரல் 19

காலையில் பேருந்து அட்டையைக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பினார். அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 25

பிரிண்டர் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கலர் படம் எடுக்க வேண்டியிருந்தது. கையில் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான். எடுத்தேன்.

மே 2

அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மறுபடியும். இந்த முறை மூணு-பியை வெட்டிவிட்டு எடுத்தேன். மை மிச்சம்.

மே 9

அவள் வந்தாள். கதவைப் பாதிதான் திறந்தேன். கையில் வத்தல் பொட்டலம்.

"லஞ்சமா?" என்றேன்.

"இல்லக்கா. நீங்க அந்தப் போட்டோவ வீட்லயே தெளிவாப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு தெரியும். அண்ணன் கையை ஆட்டி ஆட்டி எப்படியோ சொல்லிட்டாரு. என்னைக் காலி பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போறேன். நமக்கென்னா, வேற மாடி இல்லாமலா போயிடும்? ஆனா மேல வந்தாரான்னு அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க. நாலு பேருக்கு முன்னாடி கேட்டா பேச்சு நின்னுடும்க்கா. இப்பத்தான் வருது."

"என் புருஷனைப் பற்றி நீ எனக்குச் சொல்றியா?"

"சொல்லலக்கா." போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்க கேட்டிருப்பீங்க போல, அன்னிக்கிப் படியில ஒங்க செருப்பு கெடந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காக்காவுக்கு ஒரு பேரு வெய்யுங்கண்ணேன்னு நான் சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன். அன்னிக்கி வரைக்கும் அவரு ஊன்னுகூட சொன்னதில்ல. அவரா சொன்னதுதான் அது. மொத மொதல்ல வாயில வந்ததே அதான்."

கதவைச் சாத்தினேன். பொட்டலத்தை வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். இருட்டுவதற்குள் எறும்பு வந்துவிடுமே என்று எடுத்து உள்ளே வைத்தேன்.

மே 11

கூட்டம். எல்லோரும் வந்திருந்தார்கள். நான் பிரிண்டர் வாங்கிய செய்தி பரவியிருந்தது. இவர் வழக்கம்போலப் பின்வரிசையில், தடியை மடியில் வைத்துக்கொண்டு. நுனியில் துணி கட்டிய தடம் இருந்தது.

"செகரட்டரியம்மா, போட்டோ ரெடியா?" என்றார் தனசேகரன்.

உறை என் மடியில்தான் இருந்தது. உள்ளே முழுப் படம், வெட்டாதது. எழுந்தேன். பின்வரிசையைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடி வாங்கத் தயாராக இருப்பவர் மாதிரி. இத்தனை வருஷம் என் எதிரில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா?

"பிரிண்டர் சரியில்லை" என்றேன். "மை கொட்டிவிட்டது."

யாரோ ஒருவன், "மறுபடியும் கரி மூட்டைதானா?" என்றான். கூடமே குலுங்கியது. ஆதாரம் இல்லாததால் தீர்மானம் தள்ளுபடி. முதல்முறையாக ஒரு விஷயத்தில் தோற்று, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சிரித்த ஒவ்வொருவன் முகத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறேன். சைக்கிளைப் படிக்கட்டில் நிறுத்துகிறவன் எவன், குப்பையை மேலேயிருந்து போடுகிறவன் எவன் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருத்தனாக வருகிறேன்.

மூணு-பி மட்டும் சிரிக்கவில்லை. அவள் நன்றி சொல்ல வந்துவிடக் கூடாதே என்று விறுவிறுவென்று வந்துவிட்டேன். ராத்திரி வத்தல் பொரித்தேன். உப்பு கூடுதல். இவர் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார்.

மே 16

அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு படம்.

மே 20

இவர் வாடிப்போய்த் திரும்பினார், மூன்று நாளாக இப்படித்தான். விசாரிக்கக் கூடாது என்று இருந்தேன். குப்பை கொட்டப் போன இடத்தில் மூணு-பி தானாகவே, "அந்த ராங்கிக் காக்காவக் காணும்க்கா. அண்ணன் பேச்சும் கொறைஞ்சி போச்சு" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன்.

மே 21

இவர் பல் தேய்க்கும் நேரத்தில் மாடிக்குப் போய், தொட்டிக்குப் பின்னால் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு வந்தேன். சும்மா.

மே 23

பழைய சோறு அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இன்று நெய் விட்டுப் பிசைந்து வைத்தேன்.

மே 26

நாலு-ஏ வீட்டுக்காரர் புகார். மாடியில் யாரோ காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள், காயப் போட்ட வேட்டியெல்லாம் எச்சம். விதி இருக்கிறதா இல்லையா என்று கத்தினார். தனசேகரன் என்னிடம் தள்ளிவிட்டார்.

"ஒளிஞ்சி நின்னு ஒரு போட்டோ புடிங்கம்மா. ஒங்ககிட்டதான் பெரிய பிரிண்டரே இருக்கே."

யாராக இருந்தாலும் விட மாட்டேன், நானே விசாரிக்கிறேன் என்றேன். லிஃப்ட் பக்கத்தில் விதிகளைப் புதிதாக அச்சடித்து ஒட்டினேன், காக்கை விதி மட்டும் சிவப்பு எழுத்தில்.

மே 28

இன்று வந்துவிட்டது. சோற்றைத் தின்றுவிட்டு நேராக வத்தலுக்குப் போயிருக்கிறது, வெட்கம் கெட்டது.

நான் மாடிப்படியில், கதவுக்கு இந்தப் பக்கம், மேலிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டேன். மூட்டு வலிக்கிறது, ஆனால் அங்கே காற்று வருகிறது.

"தில்லே!" என்றார். இன்று திக்கவே இல்லை. "தில்லே, வந்துட்டியாடி!"

"ம்" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.